நாலு அங்குலம்

பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு நம் ஊரில் எப்போதும் ஒரு திரை உண்டு. ஜாதகம் கூடவில்லை என்பார்கள். பையன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறான் என்பார்கள். நகை போதாது என்பதையும் நிறம் பிடிக்கவில்லை என்பதையும் தரகர் காதில் தணிந்த குரலில் சொல்லி அனுப்புவார்கள். உயரத்துக்கு மட்டும் அந்தத் திரை தேவைப்படுவதில்லை. "நல்ல பொண்ணுதாங்க, ஆனா ரொம்ப ஹைட்டா இருக்கு. எங்க பையன் பக்கத்துல நின்னா நல்லா இருக்காது" என்று என் அம்மாவிடம் போனில் நேராகவே சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சொல்லில் யாருக்கும் வலிக்க ஏதாவது இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அம்மாவும் "ஆமாங்க, நீங்க சொல்றது சரிதான்" என்று ஒத்துக்கொண்டுதான் போனை வைப்பார்.

என் உயரம் 5 அடி 8 அங்குலம், அதாவது 173 செ.மீ. என் கணவர் 5 அடி 4 அங்குலம், 163 செ.மீ. கல்யாணமாகி, மகள் வளர்ந்து, வீட்டுக் கடன் பாதி அடைந்து, இரண்டு பேருக்கும் முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் சேர்ந்து நுழைந்தால், முதலில் என் தலையையும் அடுத்து அவர் தலையையும் பார்க்கிற கண்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அவரிடம் கேட்டேன். "பேரை மட்டும் போடாத. மத்தபடி எதையும் மறைக்காம எழுது" என்றார்.

முதலில் கொஞ்சம் கணக்கு. இந்த விஷயத்தில் நம் கண்ணை நாமே நம்ப முடியாது என்பதால் சொல்கிறேன். 200 நாடுகளில் மனிதர்களின் உயரம் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. 1996இல் பிறந்து வளர்ந்தவர்களில், நெதர்லாந்து ஆண்கள் 182 செ.மீ.க்கும் மேல். இந்திய ஆண்களின் சராசரி ஏறத்தாழ 165 செ.மீ., பெண்களின் சராசரி ஏறத்தாழ 153 செ.மீ. அப்படியென்றால் சொந்தபந்தமெல்லாம் "பையன் ரொம்பக் குள்ளம்" என்று சொன்ன என் கணவர், சராசரி இந்திய ஆணைவிட 2 செ.மீ.தான் குறைவு. ஒரு விரல் அகலம். அவர் நிற்கிற இடம் பெரும்பாலான ஆண்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சினிமாவிலும் ஜவுளிக்கடை விளம்பரத்திலும் பார்க்கும் ஆண்களை அளவாக வைத்துக்கொண்டு, வீட்டிலும் தெருவிலும் இருக்கும் ஆண்களை நாம் குறைவு என்கிறோம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரியில் 12 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு யாரை யாருடன் சேர்த்தாலும் பெரும்பாலான ஜோடிகளில் ஆண்தான் உயரமாக இருப்பான். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு. 92.5 சதவீத ஜோடிகளில் ஆண் உயரம். அதே ஆட்களை எந்த விருப்பமும் பார்க்காமல் கலைத்துப்போட்டுச் சேர்த்திருந்தால்கூட 89.8 சதவீதம் அப்படித்தான் அமைந்திருக்கும். வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லை. நான் இதைப் படித்தபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைதான் உயரமாக இருக்க வேண்டும் என்ற விதி நூற்றில் தொண்ணூறு பேரிடம் எதையும் கேட்பதில்லை. அவர்கள் அதற்காக ஒருவரையும் இழப்பதில்லை, ஒன்றையும் மறைப்பதில்லை. அதனால்தான் அது அவர்களுக்கு விதியாகவே தெரிவதில்லை, இயற்கை என்று தோன்றுகிறது. முழுச் செலவும் ஓரத்தில் இருக்கிற கொஞ்சம் பேர் தலையில் விழுகிறது: உயரமான பெண்கள், உயரம் குறைந்த ஆண்கள்.

நம் ஊரில் அந்த ஓரம் இன்னும் குறுகல். முதலில் சாதி, அதற்குள் உட்பிரிவு, குலதெய்வம் பார்த்து அண்ணன் தம்பி முறை வராமல் இருக்க வேண்டும், நட்சத்திரம், செவ்வாய் தோஷம், படிப்பு, வேலை. எல்லாம் சலித்த பிறகு மிஞ்சுகிற சில வரன்களில் "பொண்ணைவிட மூணு அங்குலமாவது கூட இருக்கணும்" என்று ஒரு கோடு போட்டால், 173 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வருவான்? என் ஜாதகக் குறிப்பில் உயரத்தை 5 அடி 6 என்று போடலாம் என்று அம்மா சொன்னார். தரகரும் அதையேதான் சொன்னார். மறுபக்கத்தில் பையன்களின் குறிப்பில் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து இருக்கப்போகிற இரண்டு பேர் முதன்முதலில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் தகவல் பொய்யாக இருக்க வேண்டும் என்று இரண்டு குடும்பங்களும் நல்ல மனதோடு ஏற்பாடு செய்தன.

பள்ளியில் என் உயரத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. பிடி சார் என்னை எட்டாம் வகுப்பிலேயே வாலிபால் அணியில் சேர்த்தார். "நீ நெட்டுக்கிட்ட நின்னாப் போதும்மா, எதிர்த்தாப்ல அடிக்கவே யோசிப்பாங்க" என்பார். மைதானத்தில் நான் நிமிர்ந்து நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா "கொஞ்சம் குனிஞ்சாப்ல நடடி, பனைமரமாட்டம் நிக்காத" என்பார். பருவம் வந்த பிறகு பெரியம்மாக்களும் சித்திகளும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தட்டையான செருப்பு போடு, பெரிய பார்டர் சேலை கட்டினால் உயரம் குறைத்துக் காட்டும், கோடு மேலிருந்து கீழே ஓடும் சுடிதார் வேண்டாம், கொண்டையை உச்சியில் போடாதே. எல்லாம் என் நன்மைக்காக. பதினாறு பதினேழு வயதில் என் தோள்கள் தானாக முன்னால் வளைந்திருந்தன. பிறகு வந்த கழுத்து வலிக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட், சிறுவயதில் இருந்தே கூனி நிற்கிறீர்களா என்று கேட்டார்.

உயரமான பெண்ணுக்கு நேர்வது இதுதான். அவள் உடம்பில் எந்தக் குறையும் இல்லை, அதிகம்தான் இருக்கிறது. ஆனால் அந்த அதிகம் பக்கத்தில் நிற்கப்போகும், இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு ஆணைச் சிறிதாக்கிவிடும் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்க்கிறார்கள். அவனுக்காக அவள் பன்னிரண்டு வயதிலிருந்து தன்னைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உயரமான மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பல பெண்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த வளர்ப்பும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உயரமானவன் பக்கத்தில் நின்றால் தன் உடம்பு பெரிதாகத் தெரியாது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆசையும் அந்த நிம்மதியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

என் கணவரை நான் சந்தித்தது மதுரையில் ஒரு கட்டுமான அலுவலகத்தில். நான் எஸ்டிமேட் போடுகிறவள், அவர் டிராயிங் பிரிவில் இருந்தார். சென்ட்ரிங் ஆட்களிடமும் கம்பி கட்டுகிறவர்களிடமும் வரைபடத்தை விரித்து அவர் விளக்குவதை முதலில் கவனித்தேன். எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால், வேறு விதமாக, இன்னும் வேறு விதமாக, கொஞ்சமும் சலிக்காமல் சொல்லுவார். அவர் குரல் எனக்குப் பிடித்தது. பென்சில் பிடிக்கும் அவர் கை பிடித்தது. உயரத்தைப் பார்க்காமல் மனதைப் பார்த்தேன் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் உடம்பும் எனக்குப் பிடித்திருந்தது. உயரமும் அந்த உடம்பில் சேர்த்திதானே.

ஆனால் அவர் எப்போதும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். டீக்கடையில், கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில்கூட. குழுப் படம் எடுத்தால் முன்வரிசையில் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஷூவுக்குள் குதிகாலை உயர்த்தும் ரப்பர் அட்டை ஒன்று வைத்திருந்தார். இருபதுகளின் தொடக்கத்திலிருந்து அதைப் போட்டுப்போட்டுக் குதிகால் வலி வந்திருந்தது, ஆனாலும் விடவில்லை. நாங்கள் நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் தானாகச் சொன்னார். கல்லூரியில் ஒரு பெண்ணை அவர் விரும்பியிருக்கிறார், அந்தப் பெண்ணுக்கும் விருப்பம்தான். "உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனா சேர்ந்து நடந்து போனா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களே" என்றிருக்கிறாள். அவளும் என்னைவிட உயரமில்லை, அவரைவிட ஒரு அங்குலமோ என்னவோ கூட. அதற்குப் பிறகு வேறொரு பெண்ணுடன் கொஞ்ச காலம் பழக்கம். அவள் இவருடைய உயரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதைப் பலமுறை சொல்லியும் காட்டினாள். இவர் அதற்கு நன்றியாகவே இருந்தார். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படவில்லை, தன் பங்கைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. "எனக்கு இதுவே பெருசுன்னு நெனச்சேன்" என்றார்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. உயரத்தை வைத்து ஒருவரை வேண்டாம் என்பதில் இருக்கும் காயம் எல்லோருக்கும் தெரியும். உயரத்தை மன்னித்து ஒருவரை ஏற்றுக்கொள்வதில் இருக்கும் காயம் அவ்வளவு சுலபமாகத் தெரிவதில்லை. வேண்டாம் என்றவள் போய்விடுகிறாள், அந்த வலி ஒருநாள் ஆறும். சலுகை கொடுத்தவள் கூடவே இருக்கிறாள், சலுகையும் கூடவே இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டவன் தினம் தினம் அதற்கு ஈடு கட்டப் பார்க்கிறான். அதிகமாகச் சம்பாதித்து, அதிகமாக விட்டுக்கொடுத்து, சிலர் அதிகமாகச் சத்தம் போட்டும்கூட. தனக்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது என்ற நினைப்பு அப்படித்தான் கரைந்துபோகிறது, யாரும் திட்டவோ விரட்டவோ தேவையில்லாமல்.

நாங்கள் கல்யாணம் பற்றிப் பேசத் தொடங்கிய காலத்தில் என்னிடமும் அவர் அப்படித்தான் நன்றி சொன்னார். "நீ என்னை ஏத்துக்கிட்டதே..." என்று ஆரம்பித்தார். "நான் உங்களை ஏத்துக்கலைங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க நன்றி சொல்ற மாதிரி நான் ஒண்ணும் செய்யலை" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவர் நன்றி சொன்னால், நான் அவருக்கு மேலே நின்றுகொண்டு ஏதோ கொடுத்தவளாகிவிடுகிறேன். எனக்கு அந்த இடம் வேண்டாம். அதேபோல, என்னைக் கட்டிக்கொள்வதால் அவர் எனக்கு ஒரு வாழ்க்கை கொடுக்கிறார் என்று என் சித்தப்பா பேசியபோதும் கோபம் வந்தது. இந்த நன்றி விவகாரம் ஒரு பேச்சில் தீர்ந்துவிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வெகுகாலம் வீட்டுச் சண்டையில் அவர் பாதியிலேயே அடங்கிப்போவார். நான் "பேசுங்க, நீங்க சொல்ல வந்ததை முழுசாச் சொல்லுங்க" என்று அடம்பிடிப்பேன். அவர் முதன்முதலாக என்னோடு முழுச் சண்டை போட்டது மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்காக. அன்றைக்கு எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்தச் சண்டையில் அவர் சொன்னதுதான் சரி என்று முடிவாகி, அந்தப் பள்ளியில்தான் சேர்த்தோம்.

கல்யாணத்தில் ஒன்றைக் கவனித்தேன். நம் சடங்குகளில் பெரும்பாலும் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். மணவறையில் உட்கார்ந்துதான் தாலி கட்டுகிறார்கள், உட்கார்ந்துதான் ஆசி வாங்குகிறார்கள். உயரம் அங்கே யார் கண்ணையும் உறுத்துவதில்லை. வரவேற்பு மேடை வந்த பிறகுதான் இருவரையும் மணிக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவைத்து, விளக்கைப் போட்டு, ஊரையே வரிசையில் வரவழைத்துப் படம் எடுக்கிறோம். எங்கள் வரவேற்பில் போட்டோகிராபர் என்னை மேடையின் கீழ்ப்படியில் நிற்கச் சொன்னார். மதினி ஒருத்தி எங்கிருந்தோ ஒரு மரப்பலகையை எடுத்துவந்து, சோபாவுக்கு முன்னால் அவர் காலுக்கு அடியில் போடப் போனாள். நான் வேண்டாம் என்று சொல்லும் முன்பே அவர் சொன்னார்: "இல்லக்கா, இப்படியே எடுக்கட்டும்." அன்றைக்கு அவர் ஷூவில் ரப்பர் அட்டை இல்லை. எனக்கு முன்பே தெரியாது, பிறகுதான் சொன்னார். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வார்கள்.

ஆண்தான் உயரமாக இருக்க வேண்டும் என்பது வெளிநாட்டுப் பழக்கம், சினிமா கொண்டுவந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொல்காப்பியம் காதலனுக்கும் காதலிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமை பத்து என்று வரிசைப்படுத்துகிறது. பிறப்பு, குடிமை, வயது என்று போகும் அந்தப் பட்டியலில் உருவும் ஒன்று. இருவரும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆண் மிகுந்தவனாக இருந்தாலும் தடையில்லை என்று களவியலில் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. பெண் மிகுந்தவளாக இருந்தால் என்ன என்பதற்கு அங்கே இடமில்லை. வயதில், படிப்பில், சம்பளத்தில், உயரத்தில் எல்லாவற்றிலும் அவன் ஒரு படி மேலே என்று நாம் இன்றைக்கு வைத்திருக்கும் கணக்கு அந்த விலக்கின் நீட்சிதான். என் சம்பளம் ஒரு காலத்தில் அவருடையதைவிட அதிகமாக இருந்தது. அது வெளியில் யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் பேசவில்லை. உயரம் தெருவில் நடந்து போனாலே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் அதன் மீது இவ்வளவு கண்.

அதே பழைய தமிழில்தான் கலித்தொகையில் ஒரு கூனியும் ஒரு குறளனும், அதாவது மிகக் குள்ளமான ஒருவனும், பேசிக்கொள்ளும் பாட்டும் இருக்கிறது, மருதக்கலியில். முதலில் இருவரும் ஒருவர் உடம்பை ஒருவர் கேலி செய்கிறார்கள், கேட்கவே கூசும்படியான கேலி. பிறகு இனி அப்படிப் பேசுவதில்லை என்று முடிவுசெய்து தழுவிக்கொள்ளப் போகிறார்கள். படிப்பவர்களைச் சிரிக்கவைக்க எழுதப்பட்ட பாட்டாகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு பேரும் மற்றவர்கள் தங்களைப் பார்க்கும் கண்ணால்தான் ஒருவரையொருவர் முதலில் பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு அதை விட்டுவிடுகிறார்கள். அந்த விடுதல் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த பையன் தன்னைத் தானே நம்புவதற்குள் பாதி வாழ்க்கை போய்விடுகிறது.

உலகம் முழுக்க இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களிடம் நடந்த ஆய்வில் நூற்றில் எட்டுக்கும் மேற்பட்ட திருமணங்களில் மனைவிதான் உயரம். எந்த விருப்பமும் இல்லாமல் தானாகச் சேர்ந்தாலும் ஏறக்குறைய அத்தனைதான் வரும். அதாவது அங்கே துணை தேடும்போது யாரும் உயரத்தை ஒரு பொருட்டாக எடுப்பதாகத் தெரியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் கிட்டத்தட்ட அப்படியே.

உயரம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை. பெற்றோரிடமிருந்து வருவது பெரும்பங்கு. ஆனால் அந்த உயரத்தை முழுக்க எட்ட, கருவிலும் முதல் சில வருடங்களிலும் சாப்பாடு வேண்டும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வராமல் இருக்க நல்ல தண்ணீர் வேண்டும். தென்கொரியப் பெண்கள் ஒரே நூற்றாண்டில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பரம்பரை மாறவில்லை, வாழ்க்கை மாறியது. என் கணவர் சிவகங்கைப் பக்கம் மழை பார்த்து விதைக்கும் கிராமத்தில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் நான்காவது. மாமியார் அவரைச் சுமந்திருந்தபோது இரண்டு வேளை கஞ்சிதான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் அவர் பள்ளி முடித்தார், அதை எப்போதும் நன்றியோடு சொல்வார். அந்த நன்றி நியாயமானது. அந்த வீட்டில் கடைசியாகப் பிறந்த கொழுந்தனார், வீட்டில் கொஞ்சம் வசதி வந்த பிறகு வளர்ந்தவர், அண்ணனைவிட 5 செ.மீ. உயரம். ஒரு ஆணின் உயரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பல நேரம் அவன் தாய்க்குக் கிடைக்காத சாப்பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்தத் தரகரிடம் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

அந்தக் கொழுந்தனார் காவலர் தேர்வுக்குப் போனார். நம் மாநிலத்தில் பொது, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும். அவர் 168. அளவுகோலின் அடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார், இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆனால் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், அவர் காதில் விழும்படி "இவ்வளவுதானா பையன்?" என்று ஒருவர் கேட்டதை இன்றைக்கும் சிரிக்காமல்தான் சொல்கிறார். காவல்துறை அளந்தது ஒரு வேலைக்கு. அங்கே அளந்தது அவரை.

போன வருடம் கணவரின் அத்தை மகன் என்னிடம் ஒரு வீடியோவைக் காட்டினான். காலை நீட்டும் அறுவைச்சிகிச்சை. எலும்பை வெட்டி, வெளியில் ஒரு சட்டம் பொருத்தி அல்லது உள்ளே ஒரு கம்பி வைத்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் இழுப்பார்கள். இடைவெளியில் புது எலும்பு வளரும். சோவியத் நாட்டின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950களில் வளர்த்தெடுத்த முறை இது. ஆறாத எலும்பு முறிவுகளுக்காகவும், ஒரு கால் குட்டையாகப் போனவர்களுக்காகவும் வந்தது. எத்தனையோ பேரை நடக்கவைத்த பெரிய வேலை. அதை இப்போது நல்ல காலோடு இருக்கிறவர்கள் மூன்று அங்குலத்துக்காகச் செய்துகொள்கிறார்கள். 2016இல் ஐதராபாத்தில் ஒரு இளைஞர் வீட்டுக்குத் தெரியாமலேயே செய்துகொண்டு பெரிய செய்தியானது. சீனா அழகுக்காக இதைச் செய்வதை 2006லேயே தடைசெய்துவிட்டது. தொற்று, நரம்புப் பாதிப்பு, எலும்பு சேராமல் போவது, மாதக்கணக்கில் நடக்க முடியாமல் கிடப்பது எல்லாம் இதில் உண்டு. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செலவுக்கு நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் நான் எதுவும் போதிக்கவில்லை. உயரம் முக்கியமில்லைடா என்று சொன்னால் அவன் நம்பமாட்டான், நம்பவும் வேண்டாம், ஏனென்றால் அவன் வாழ்கிற உலகத்தில் அது முக்கியமாகத்தான் இருக்கிறது. வரன் தேடும் தளங்களில் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை வேண்டும் என்று நகர்த்திவைக்கும் வசதி எத்தனையோ வருடமாக இருக்கிறது. 2025இல் டிண்டர் செயலியும் பணம் கட்டும் பயனர்கள் தங்கள் உயர விருப்பத்தைச் சொல்லும் வசதியைச் சோதித்துப் பார்த்தது. நேரில் பார்த்துப் பேசினால் பிடித்துப்போகக்கூடிய ஆள், விரல் நகர்வதற்குள் பட்டியலிலிருந்து போய்விடுகிறான். யாருக்கு யார் மேல் ஆசை வர வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. உயரமானவர்களை உண்மையிலேயே விரும்புகிற பெண்ணிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. பார்க்கும் முன்பே போடப்படும் கோட்டோடுதான் எனக்கு வழக்கு. பார்த்த பிறகு மனிதர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், நானே அப்படித்தான்.

அவனிடம் கேட்டது ஒன்றுதான்: மூன்று அங்குலம் கூடிய பிறகு ஒருத்தி வந்தால், அவளிடம் இதைச் சொல்வாயா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாட்டேன் என்றான். அப்படியென்றால் அவள் கூட இருக்கும்போதும் நீ ஒளிந்துகொண்டுதானே இருப்பாய் என்றேன். பிறகு என் கணவர் அவனை மாடிக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குதிகால் அட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நிலம் இப்போதைக்கு அடகுக்குப் போகவில்லை. அவன் மனதில் அது முடிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

அவனைப் போன்ற பையன்கள் இணையத்தில் எழுதுவதை நான் படிக்கிறேன். பெண்களே இப்படித்தான், ஆறடி இல்லாதவன் மனிதனே இல்லை அவர்களுக்கு என்று கொதிக்கிறார்கள். அந்தக் காயம் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் என்னைப் போன்ற பெண்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. அவனை வேண்டாம் என்று சொல்லவைத்த அதே விதிதான் என்னையும் கூனவைத்தது. என்னை வேண்டாம் என்றவர்களில் என்னைவிட உயரம் குறைந்த ஆண்கள்தான் அதிகம். அவர்களில் எத்தனை பேர் என்னோடு ஒரு மணி நேரம் பேசியிருந்தால் சரி என்றிருப்பார்கள், நான்தான் எத்தனை பேரைச் சரி என்றிருப்பேன்? அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இழந்தோம்.

இப்போது என் அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் என்னைவிடவும் ஒரு அங்குலம் உயரம், தோளை வளைக்காமல் நிற்கிறாள். குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். உயரம் 5 அடி 9 அங்குலம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். எதிர்பார்க்கும் மாப்பிள்ளை என்ற இடத்தில் உயரத்துக்கான வரியை அவளே அடித்துவிட்டாள். அண்ணி முதலில் தயங்கினார், பிறகு விட்டுவிட்டார். வந்த வரன்களில் ஒருவர் 5 அடி 6, காரைக்குடிப் பக்கம், கால்நடை மருத்துவர். போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தினமும் பேசுகிறார்கள் போலிருக்கிறது. அடுத்த மாதம் நேரில் வருகிறார்கள். பலகாரம், பூ, யார் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் அண்ணி பார்த்துக்கொள்வார். இரண்டு பேரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கச் சொல்லி யாரும் அளந்து பார்க்கக் கூடாது, அதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் நான் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.